ஹேவ்லாக்கில் குடியேற நினைக்கிறவருக்கு

கேட்டிருப்பவருக்கு 34 வயது. சென்னை ஓ.எம்.ஆரில் 11 வருடமாக ஐடி வேலை. மனைவி பள்ளி ஆசிரியை, 5 வயதில் ஒரு மகள். போன ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போய்வந்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது என்கிறார். வேலையை விட்டுவிட்டு அங்குள்ள ஹேவ்லாக் தீவில் தங்கிவிடலாமா, கொஞ்சம் நிலம் வாங்கி ஹோம்ஸ்டே போடலாமா, இல்லை டைவிங் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாமா, இதெல்லாம் நடக்கிற காரியமா என்பது அவர் கேள்வி.

நடக்கும். நான் போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்தவன், ஹேவ்லாக்கில் டைவிங் தொழிலில் பல வருடம் இருந்தவன். மெயின்லேண்டில் வேலையை உதறிவிட்டு வந்த பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சிலர் வேரூன்றிவிட்டார்கள். சிலர் முதல் மழைக்காலம் முடியும் முன்பே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். தைரியத்திலோ கடல் மேல் இருந்த ஆசையிலோ இரண்டு வகையினருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது, மழை மாதங்களை எப்படிக் கழிக்கிறார்கள், இந்த இரண்டில்தான் எல்லாம் பிரிந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். ஜனவரியை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஜூலையில் வந்து இருந்து பாருங்கள்.

ஜனவரியில் நீங்கள் பார்த்தது வருடத்தின் மிக நல்ல மாதங்களில் ஒன்று. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், ராதாநகர் கடற்கரையில் மாலை வெயில் பொன்னாக விழும். மே பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் வடகிழக்கு வந்து நிற்கும். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே சுமார் 3,000. துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், லேப்டாப்பின் திருகாணி வரைக்கும் துருவேறும். ரிசார்ட்டுகளில் பாதி ஆள் இருக்காது, பல கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். ஜனவரியில் சிரித்துப் பேசிய இளைஞர்களில் பலர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த அமைதியை விரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு மழைக்கால ஹேவ்லாக்தான் அதிகம் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்பதை நீங்கள் வந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

பொழுதும் வேறு. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் நாங்கள் இருப்பது ஏறக்குறைய 93 டிகிரி கிழக்கில். காலை 5 மணியை ஒட்டி விடிந்துவிடும், டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். இரவு 9 மணிக்கு ஊர் உறங்கிவிடும். ராத்திரி 11 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டுப் பழகிய உடம்பு இதற்கு மாற நாளாகும்.

அப்புறம் படகு. போர்ட் பிளேயருக்கும் ஹேவ்லாக்குக்கும் இடையே 40 கிலோமீட்டர் சொச்சம். தனியார் கேட்டமரான் வேகப் படகு என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம், அரசுப் படகு இன்னும் கொஞ்சம் கூட. கடல் குமுறினால் இரண்டுமே ஓடாது. 2016 டிசம்பரில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்து சுற்றுலாப் பயணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்துதான் மீட்டன. அது பிறகு வர்தா புயலாகிச் சென்னையையே அடித்துப்போட்டது, நினைவிருக்கும். செய்தியில் வராத சின்னச் சின்ன நிறுத்தங்கள் ஒவ்வொரு மழையிலும் உண்டு. இரண்டு மூன்று நாள் படகு வராவிட்டால் தக்காளியும் முட்டையும் கடையில் காணாமல் போகும். ஊர்க்காரர்கள் இதற்குப் பதறுவதில்லை. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு எப்போதும் வீட்டில் இருக்கும், மீன் கடலில் இருக்கிறது.

நிலம் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஆசையை முதலிலேயே இறக்கிவைத்துவிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்குள் 1956-ஆம் வருட ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளியாள் நுழையவே கூடாது. நுழையக் கூடாது என்பது சரியான சட்டமும்கூட. குடியிருப்பு நிலங்கள் 1966-ஆம் வருட நில வருவாய்ச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை விவசாயத்துக்கென்று குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கைமாற்றவும், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்குத் திருப்பவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கடற்கரையை ஒட்டி என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் சேர்ந்துகொள்ளும். அதனால் வெளியிலிருந்து வந்து தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்க் குடும்பத்தோடு குத்தகையில்தான் இருக்கிறார்கள். 'வெறும் ஒப்பந்தத் தாள் போதும், பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். போர்ட் பிளேயரில் நிலச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த நிலம் யாருடையது என்பதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். 1950-களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த வங்காளிக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டை வெட்டி, மலேரியாவோடு போராடி வயலாக்கினார்கள். கோவிந்த் நகர், விஜய் நகர், ஷியாம் நகர், கிருஷ்ணா நகர் என்று நீங்கள் ஸ்கூட்டரில் சுற்றிய ஊர்களெல்லாம் அவர்கள் உண்டாக்கியவை. டைவிங் படகுகளில் வழிகாட்டியாகப் பார்த்திருப்பீர்களே, கரேன் இனத்து ஆட்கள், அவர்களின் முன்னோர் 1925 வாக்கில் பர்மாவிலிருந்து மத்திய அந்தமானில் மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியேறியவர்கள். ஹேவ்லாக்கின் பேர்போன டைவிங் இடமான ஜானிஸ் கார்ஜுக்கு அப்படி ஒரு கரேன் முக்குளிப்பவரின் பெயர்தான். நீரோட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற அவர்கள் அறிவு எந்தச் சான்றிதழிலும் வராது. இந்த மக்களுக்கு நடுவில் வாடகைக்கு வந்து இருக்கப்போகிற ஆள் நீங்கள். இந்தி கட்டாயம் வேண்டும், கொஞ்சம் வங்காளியும் பேசக் கற்றுக்கொண்டால் கதவுகள் திறக்கும்.

தீவுவாசி என்ற தகுதியும் வந்தவுடன் கிடைக்காது. ஐலேண்டர் அட்டை இருந்தால் அரசுக் கப்பலில் கட்டணம் மிகக் குறைவு, டிக்கெட்டில் முன்னுரிமையும் உண்டு. அதை வாங்கப் பல வருடம் தொடர்ந்து குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். அதுவரை ஒவ்வொரு பயணத்துக்கும் நீங்கள் சுற்றுலாப் பயணிதான். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, மகளின் பள்ளிச் சேர்க்கை என்று எல்லாத் தாளையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

டைவிங் இன்ஸ்ட்ரக்டர் யோசனைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பாதை தெளிவானது. பலரும் எடுக்கும், பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் சான்றிதழையே எடுத்துக்கொண்டால், முதல் படியான ஓப்பன் வாட்டரில் 18 மீட்டர் வரை, அட்வான்ஸ்டில் 30 மீட்டர் வரை. அடுத்து ரெஸ்க்யூ, அதன்பின் டைவ் மாஸ்டர். டைவ் மாஸ்டர் பயிற்சியில் சேர 40 டைவ், முடிக்க 60 டைவ் கணக்கில் இருக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100. ஆரம்பத்திலிருந்து இன்ஸ்ட்ரக்டர் வரை போக, சொந்தக் கருவிகளோடு சேர்த்து, சில லட்சங்கள் ஆகும். 34 வயது இதற்கு அதிகம் இல்லை. காது, சைனஸ், நுரையீரல் மூன்றும் நன்றாக இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை விளம்பரப் படங்களில் பார்க்க முடியாது. ஹேவ்லாக்கில் தொழிலைத் தூக்கி நிறுத்துவது, முதல்முறை முயன்று பார்க்கிறவர்களுக்கான டிரை டைவ்தான். நீச்சல் தெரியாத, கடலையே அப்போதுதான் பார்க்கிற ஒருவரை, அவருடைய சிலிண்டரை நீங்கள் கையில் பிடித்தபடி, அதிகபட்சம் 12 மீட்டருக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது. காலை 6 மணிக்கே முதல் ஆள் தயாராக நிற்பார். நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் அதே பவளம், அதே மீன், ஒரு நாளில் பல முறை. நடுநடுவே ஒவ்வொன்றும் 15 கிலோ எடையுள்ள சிலிண்டர்களைத் தூக்க வேண்டும், கருவிகளை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பாதி வழியில் பயந்து மாஸ்க்கைப் பிடுங்குகிறவரைக் கண்ணாலேயே அமைதிப்படுத்த வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் இந்தத் தொழிலின் உயிர். நடுங்கிக்கொண்டு இறங்கிய பாட்டி மேலே வந்து பேச்சில்லாமல் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே இதில் காலம் முழுக்க இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் அந்தப் பொறுமை இருக்குமானால் வாருங்கள். மீனைப் பார்க்கத்தான் ஆசை என்றால், விடுமுறையில் வந்து டைவ் செய்வதே மேல். இன்ஸ்ட்ரக்டருக்கு மீனைப் பார்க்க நேரம் இருக்காது. கண் முழுக்க விருந்தாளி மேல்தான்.

சம்பளம் உங்கள் இப்போதைய சம்பளத்தின் பக்கத்தில்கூட வராது. பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் சின்னது, மிச்சம் இறங்கிய டைவ்களுக்கான கமிஷன். சளி பிடித்தால் காது அடைக்கும், இறங்க முடியாது, அந்த வாரம் கமிஷன் இல்லை. மழை மாதங்களில் வேலை பாதியாகக் குறையும். பவளம் எப்போதும் இப்படியே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2010-இல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துச் செத்தன, 2016-இலும் வெளுத்தன. ஆழமில்லாத இடங்கள்தான் அதிகம் அடிபட்டன, டிரை டைவ் நடப்பதும் அங்கேதான். அந்த வருடங்களில் கடலுக்குள் இறங்கும்போது வயிறு கலங்கும். இதைத் தொழிலாக எடுப்பவர் அந்த வேதனைக்கும் தயாராக வேண்டும்.

உங்களிடம் இருக்கும் பெரிய பலம் ஒன்றை நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லை. அது உங்கள் ஐடி வேலைதான். பத்து வருடத்துக்கு முன் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது சாட்டிலைட் இணைப்பு மட்டும்தான், ஒரு மெயில் போய்ச் சேருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேயரோடு ஹேவ்லாக், லாங் ஐலேண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் அது போகிறது. எங்கள் தலைமுறையில் தீவுகளை இவ்வளவு மாற்றியது வேறு எதுவும் இல்லை என்பேன். இன்று ஹேவ்லாக்கில் உட்கார்ந்து வீடியோ கால் பேசலாம். மின்வெட்டு உண்டு, அதனால் நல்ல இன்வெர்ட்டரும் இரண்டாவது சிம்மும் வேண்டும். மழையில் இணைப்பு ஒரு நாள் போனாலும் போகும் என்று உங்கள் மேனேஜருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே வேலையை விடாதீர்கள், அதன் வடிவத்தை மாற்றுங்கள். முழு நேரம் வீட்டிலிருந்து என்று கேளுங்கள், மறுத்தால் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒப்பந்த வேலை தேடுங்கள். தீவுக்கு வெளியிலிருந்து மாதாமாதம் வரும் வருமானம் சின்னதாக இருந்தாலும், இங்கே நிம்மதியாக இருந்தவர்கள் எல்லோரிடமும் அது இருந்தது. சுற்றுலாவை மட்டும் நம்பியவர்கள் 2020-இல் கொரோனா வந்து படகுகள் நின்றபோது பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். மீண்டும் அதைப் பார்க்க விருப்பமில்லை.

செலவு சென்னையைவிடக் குறைவு என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். வாடகையும் மீனும் தேங்காயும் மலிவு. சிமெண்ட், வெங்காயம், குழந்தையின் நோட்டுப் புத்தகம் உட்பட மற்றதெல்லாம் சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வந்து, மறுபடி சின்னப் படகில் ஏறி வர வேண்டும். சூரை மீனும் பாறை மீனும் அன்றன்று பிடித்தது கிடைக்கும்போது வாரத்தில் பாதி நாள் குழம்பு அதுதான். மார்ச் முதல் மே வரை தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, இவ்வளவு மழை பெய்தும். வீடு பார்க்கும்போது கிணறும் தொட்டியும் எப்படி என்று முதலில் கேளுங்கள், ஜன்னல் வழியே கடல் தெரிகிறதா என்பது பிறகு. மாலையில் கடற்கரை மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். இங்கத்திப் பூரான் பெரியது, செருப்பை உதறாமல் காலை விடக்கூடாது. உப்புநீர் முதலையும் உண்டு. 2010-இல் ராதாநகர் பக்கத்தில் ஓர் அமெரிக்கப் பெண் அதற்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள், ஓடைகள் கடலில் சேரும் இடத்தில் பலகை இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள்.

மருத்துவம்தான் குழந்தையோடு வருகிறவரை உண்மையில் யோசிக்க வைக்க வேண்டிய விஷயம். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காய்ச்சல், தையல், முதலுதவி எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. சாயங்காலம் கடைசிப் படகு போன பிறகு அவசரம் வந்தால் ஹெலிகாப்டரோ தனிப் படகோ வர வேண்டும், அதற்கு வானிலை ஒத்துழைக்க வேண்டும். மகளுக்கு வலிப்பு, கடும் ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்தால் ஹேவ்லாக் வேண்டாம். கூடவே வந்து இருக்கப்போகிற வயதான பெற்றோருக்கும் அதே பதில்தான்.

இங்கே உங்களுக்கு ஒரு மாற்று யோசனை. ஹேவ்லாக்கை விட்டுவிட்டுப் போர்ட் பிளேயரில் குடியிருந்து பார்க்கலாமே? 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், ஹேவ்லாக்கும் 2018-இலிருந்து ஸ்வராஜ் த்வீப். டிக்கெட் தேடும்போது இரண்டு பெயரும் நினைவிருக்கட்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் சுமார் 3.8 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம் வந்தால் ஊரே காவடியில் நிற்கும். தமிழ்வழிப் பள்ளியும் உண்டு, சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் உண்டு. மனைவியின் ஆசிரியை வேலைக்கு ஹேவ்லாக்கைவிட இங்கேதான் வழி அதிகம். மகளுக்குப் பாட்டு வகுப்பு, பல் டாக்டர், கூட விளையாடப் பத்துப் பிள்ளைகள், எல்லாம் இங்கே இருக்கும். வண்டூர் கடற்கரைக்கோ சிடியா தாப்பு கடற்கரைக்கோ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், சனி ஞாயிறு ஹேவ்லாக் போய்வரலாம். மனைவி இந்த முடிவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். திரும்பிப் போன குடும்பங்களில் பாதி, ஒருவர் கனவுக்கு இன்னொருவர் தலையாட்டி வந்தவை.

வேறு தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சத்தீவுக்கு இந்தியரே அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும், வெளியாள் குடியேறுவது நடவாது. மொரீஷியஸ் 2020-இலிருந்து, வெளிநாட்டு வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வருட பிரீமியம் விசா கொடுக்கிறது, மாதம் 1,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். உங்கள் கம்பெனி வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய விட்டால் அதையும் பரிசீலிக்கலாம். ஆனால் விசா, பாஸ்போர்ட் எதுவும் இல்லாமல், சொந்த நாட்டுச் சட்டத்தின் கீழ், சொந்த மொழி பேசும் ஆயிரக்கணக்கானவர்களோடு வாழக் கிடைக்கிற வெப்பமண்டலத் தீவு உங்களுக்கு அந்தமான்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? சம்பளமில்லா விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ, ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு ஜூன் கடைசியில் மூன்று பேரும் வாருங்கள். ரிசார்ட் வேண்டாம். பாதி நாட்கள் கோவிந்த் நகரிலோ விஜய் நகரிலோ மாத வாடகை வீடு, பாதி நாட்கள் போர்ட் பிளேயர். நீங்களே சமைத்து, நீங்களே சந்தைக்குப் போய், அங்கிருந்தே ஆபீஸ் வேலையையும் பாருங்கள். கையில் ரொக்கம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும், ஏ.டி.எம்மில் பணம் தீர்ந்துபோகும். ஒன்றரை வருடச் செலவுக்கான சேமிப்பைத் தொடாமல் தனியாக வைத்த பிறகுதான் நிரந்தரமாக வருவதைப் பற்றிப் பேச வேண்டும். சென்னை வீடு சொந்தமானால் விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள்.

வரும்போது விமானத்தில் வாருங்கள், திரும்பும்போது கப்பலில் போங்கள். போர்ட் பிளேயரின் ஹாடோ துறையிலிருந்து சென்னைக்குச் சுமார் 60 மணி நேரம். குடியேறினால் உங்கள் பைக்கும் ஃபிரிட்ஜும் இந்த வழியில்தான் வர வேண்டியிருக்கும், சரக்கு எப்படி ஏற்றுகிறார்கள், எத்தனை நாள் துறையில் கிடக்கிறது என்பதை நேரில் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை இருப்பதால் பலரோடு ஒரே கூடத்தில் படுக்கும் பங்க் டிக்கெட் வேண்டாம், கேபின் எடுங்கள், வாந்திக்கு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கப்பல் தேதி கடைசி நேரத்தில் மாறும். விடுப்பின் கடைசி வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விட்டுவையுங்கள்.